நானூற்றுப் பதினேழாம் நம்பரின் நெஞ்சுப்படம்

கவரைப்பேட்டைக்குக் கிழக்கே ரயில் பாதையைத் தாண்டினால் வருகிற காலனியில் இம்மானுவேல் வீடு எது என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். நானூத்திப் பதினேழு வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகள்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்திவிடும். அது கதவு நம்பர் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கி வார்க்கிற கம்பெனி ஒன்றில் இம்மானுவேலுக்குக் கொடுத்த டோக்கன் நம்பர்.

இம்மானுவேலின் அப்பா ஆரணியாற்றுப் பாசன வயல்களில் கூலிக்கு இறங்கியவர். அவருடைய தம்பி வகையில் வந்தவன்தான் கலியன். இரண்டு பேரும் பங்காளிகள். ஒரு பக்கம் வேதத்துக்குப் போனது, ஒரு பக்கம் மாரியம்மனோடு நின்றுகொண்டது. அதனால் கல்யாணத்தில் முன்நிற்பதிலோ சாவு சுமப்பதிலோ ஒரு குறையும் வந்ததில்லை. வயலெல்லாம் கம்பெனி ஆனபோது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உள்ளே போனார்கள். இருவருக்கும் ஒரே மேஸ்திரி, ஒரே மண்ணு ஷெட். அச்சுக்கு மணலை இடிப்பதும், இரும்பு இறுகியதும் அந்த அச்சைத் தட்டி உடைப்பதும் அங்கேதான். உடைக்கிறபோது எழும்புகிற தூசி எதிரில் நிற்கிற ஆளை மறைத்துவிடும். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அந்த ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தனுக்கு உடம்பு தேய்ந்துபோனால், அவன் மகனோ தம்பி மகனோ அதே டோக்கனில் உள்ளே போவான். மேஸ்திரி, ஆள் கணக்கு எழுதுகிற டைம் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். சம்பளக் கவரின் மேலே பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். பெண் பார்க்க வருகிறவர்கள், பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்பதற்கு முன்னால், "ஊட்ல நம்பரு கீதா?" என்று கேட்பார்கள். நம்பர் என்பது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு.

இம்மானுவேலுக்கும் ஞானம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கிரேஸ். அவளுக்கு மூன்று வயசு இளையவன் தானியேல். கிரேஸ் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கும்மிடிப்பூண்டி பஜாரில் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனாள். அப்பன் வேலை செய்த கம்பெனியிலேயே டைம் ஆபீசில் நாற்காலி கிடைத்தது. அந்தக் காலனியிலிருந்து போய் அந்தக் கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள். இம்மானுவேல் ஷிப்டு முடிந்து, புருவமெல்லாம் மணல் ஒட்டிக்கொண்டு, அவள் ஜன்னலைத் தாண்டித்தான் வெளியே வருவார். ஒரு நாளும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். வீட்டில் ஞானம்மா கேட்பாள்.

"ன்னாங்க, பெத்த பொண்ணு உள்ள குந்திக்கினு கீது. ஒரு பார்வை பாத்தா இன்னா, கண்ணு தேஞ்சா பூடும்?"

"அது ஆபீசுல கீது. நானு மண்ணுல கீறேன். நடுவுல நீ பேசாத."

சுனாமி வந்ததற்கு மறு வருஷம் இம்மானுவேலுக்கு முழுசாக முடியாமல் போய், தானியேல் நானூத்திப் பதினேழில் முறையாக நின்றான். முறையாக என்று ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அதற்கு முன்னாலேயே ஒன்றிரண்டு வருஷமாக அப்பன் விழுந்த நாளிலெல்லாம் மகன் நின்றுகொண்டிருந்தான். அப்போது அவனுக்கு உள்ளே போகிற வயசுகூட ஆகவில்லை. மேஸ்திரிக்குத் தெரியும். டைம் ஆபீஸ் பெரியவர் சுப்பிரமணி சாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நல்ல மனசோடுதான் மூடிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டைம் ஆபீசுக்குப் புதுப் பெட்டி வந்தது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த கணக்கையெல்லாம் புதிதுக்கு மாற்ற ஃபயாஸ் என்ற பிள்ளையை அனுப்பியிருந்தார்கள். பழவேற்காட்டில் எறால் வியாபாரம் செய்கிற குடும்பம், மெஹர்னிசா வீட்டுப் பேரன் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். படித்து மெட்ராசில் வேலைக்குப் போனவன். அதிர்ந்து பேசத் தெரியாத பையன்.

வந்த அன்றே கிரேசை எதிரில் உட்காரவைத்துச் சொன்னான்.

"மேடம், மாத்தறது பெரிய வேலையே இல்ல. பொத்தான அமுக்கினா போய்க்கினே இருக்கும். மாத்தினா எங்கெங்க இடிக்கும்னு முன்னாடியே பாக்கறதுதான் வேலை. அது நீங்கதான் பண்ணணும்."

"நானா? எனுக்கு இன்னா சார் தெரியும்?"

"எனக்குப் பொட்டியத் தெரியும். உங்களுக்கு ஆளுங்களத் தெரியும். எங்க ஊர்ல ஏரி முகத்துவாரத்தக் கொஞ்சம் தள்ளி வெட்டணும்னாலே எல்லாக் குப்பத்து ஆளுங்களும் குந்திப் பேசுவாங்க. இங்க வெட்டினா தண்ணி எங்க ஏறும், எறா எங்க போவும், யாரு வலை காயும்னு. வெட்டினதுக்கு அப்புறம் பேசிப் பிரயோஜனம் இல்ல. இதுவும் அதுமாரிதான்."

கிரேசுக்கு அது சட்டென்று பிடிபட்டது. அன்றிலிருந்து அவள் கம்பெனியைச் சுற்றி வந்தாள். கேட்டில் நிற்கிற காவல்காரர், பஸ் டிரைவர், ஸ்டோர், முதலுதவி அறை என்று ஒருத்தரையும் விடவில்லை. நம்பரை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள், அது மாறினால் உங்களுக்கு என்ன நிற்கும் என்று கேட்டுக் கேட்டு வந்தாள். கேன்டீனில் முத்தம்மாள் பெரிய கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா கண்ணு, உன் புதுப் பொட்டி வந்தா சாம்பாரு தானா கொதிக்குமா?"

"வெளையாடாத அத்தை. மாத்தினா உனுக்கு இன்னா கஷ்டம் வரும்னு சொல்லு."

"எனுக்கு நம்பரே கெடையாதுடி. நானு அந்தப் பொட்டிலயே இல்ல. நானு செத்தாக்கூட அது அழாது. போ, போய் நம்பரு கீறவன் எவனாச்சும் இருந்தா அவன அழவுடு."

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். கிரேசும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள்.

ஃபயாஸ் கொண்டுவந்த மாற்றங்களில் ஒன்று இது. பழைய பெட்டியில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு தனி அறை இருந்தது. அந்த வருஷம் நம்பரில் நின்றவன் யாரோ, அவன் பெயர் அந்த அறையில் இருக்கும். புதுப் பெட்டியில் அப்படி இல்லை. ஒரு நம்பருக்கு ஒரு ஆள். இன்றைக்கு யார் நிற்கிறானோ அவன் பெயர் தலைப்பில் நிற்கும், பழைய வருஷமெல்லாம் அவனுக்குக் கீழே வரிசையாக வந்து விழும்.

"ஒரு நம்பருக்கு ஒரு ஆளுதான மேடம்? நம்பர் கைமாறறது உண்டா?" என்று ஃபயாஸ் கேட்டான்.

"ஊட்டுக்கு ஒரு நம்பரு சார். வெளியாளுக்குப் போவாது," என்றாள் கிரேஸ். அவளுக்கு அது சரியான பதில்.

கம்பெனியில் வருஷா வருஷம் வேன் வந்து மண்ணு ஷெட் ஆட்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும். நெஞ்சுப்படம் என்பார்கள். அதன் முடிவும் நம்பர் போட்டுப் பெட்டியில் ஏறும். அந்தப் பக்கத்தைச் சரிபார்க்க எந்த நம்பரைப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தவளின் கை தன்னால் போய் நானூத்திப் பதினேழை அடித்தது. திரையில் தானியேல் பெயர் வந்தது. அதற்குக் கீழே எண்பத்து நாலாம் வருஷத்திலிருந்து ஒரு வருஷம் விடாமல் படங்களின் முடிவு. முதலில் நல்லது, நல்லது என்று வந்து, பிறகு லேசான நிழல், பிறகு நிழல் அதிகம் என்று இறங்கிக்கொண்டே போனது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு யாராவது பார்த்திருந்தால், இருபது வயசுகூட நிரம்பாத பையனுக்கு எப்படி இத்தனை வருஷத்துப் படம் என்று திடுக்கிட்டிருப்பார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. நைனா மண்ணில் நின்ற அத்தனை வருஷமும் அப்படியே பத்திரமாக இருக்கிறது, தலைமேல் தம்பி பெயர் இருக்கிறது, வீடு உடையாமல் வந்து சேர்ந்துவிட்டது என்றுதான் தோன்றியது. பிறந்ததிலிருந்து அந்த நம்பரை அவள் அப்படித்தான் பார்த்திருந்தாள்.

"மெடிக்கல் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன் சார். எங்க ஊட்டு நம்பரையே போட்டுப் பாத்தேன். ஒன்னுகூட உட்டுப்போவல."

"அப்ப பாதிப்பு இல்லன்னு போட்ரவா?"

"போட்ருங்க சார்."

பழைய பெட்டியைக் காயலான் கடை வண்டியில் ஏற்றினார்கள். சுப்பிரமணி சார் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் ஒரு நாள் தானியேல் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சிரிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, என்ன மண்ணு ஷெட்லேர்ந்து தூக்கிட்டாங்க. வெளிய துருப்புடிச்ச கம்பி அடுக்கற எடத்துல போட்டுக்கீறாங்க. இன்னான்னு கேட்டா, பொட்டி சொல்லிச்சாம், எனுக்கு நெஞ்சு பூரா மண்ணாம். கம்பெனி டாக்டரு சீட்டக் காட்டறாரு. எண்பத்தி நாலுல எனுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கீறாங்க. நானு பொறந்தது எண்பத்தேழு. எம்மா, உன் வயித்துக்கு வர்றதுக்கு முன்னாடியே நானு வேலைக்கிப் போய்க்கீறேன் பாத்தியா?"

ஞானம்மா அடுப்பங்கரையிலிருந்து, "அதான் உனுக்கு இப்பவே சோம்பலு," என்றாள். தானியேல் இன்னும் சத்தமாகச் சிரித்தான். மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இம்மானுவேலும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், ஞானம்மா ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. அவருக்குப் படுத்தால் மூச்சு வராது. உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

கிரேஸ் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். திரையில் பார்த்த அந்த வரிசை அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தம்பி நெஞ்சுக்குள் நைனா நெஞ்சைத் திணித்துவைத்தது அவள்தான்.

அது அத்தோடு நிற்கவில்லை. அந்த மாசமே இம்மானுவேலைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, கிரேசைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இது வேலையால வந்த நோவும்மா. நுரையீரல்ல தூசி படிஞ்சு கல்லாயிடுச்சு. மெட்ராஸ்ல இதுக்குன்னு டாக்டருங்க போர்டு ஒன்னு கீது. அவங்க ஒத்துக்கினா நெஞ்சு ஆஸ்பத்திரியில கட்டில் குடுப்பாங்க, ஊட்டுக்கே காத்துச் சிலிண்டர் வரும். இருக்கற வரைக்கும் மூச்சுத் திணறாம இருப்பாரு. ஆனா மண்ணுல வேலை பாத்தாருன்னு கம்பெனி எழுதித் தரணும். பழைய படம் எல்லாம் வேணும். இல்லன்னா பீடி குடிச்சதுன்னு சொல்லி அனுப்பிடுவாங்க."

"எங்க நைனா பீடியத் தொட்டதே இல்லம்மா."

"அத அந்தப் படம்தாம்மா சொல்லணும்."

கிரேஸ் மறுநாள் டைம் ஆபீசில் இம்மானுவேல் என்று பெயர் போட்டுத் தேடினாள். அப்படி ஒரு ஆள் இல்லை என்றது பெட்டி. மேஸ்திரி கீழ் வேலை செய்தவர்களுக்கு வேறு எந்தக் காகிதமும் கிடையாது. அந்த மேஸ்திரியும் செத்துப்போயிருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் மண் தின்ற மனுஷன் அந்தக் கம்பெனிப் பக்கமே வராதவர் ஆகிவிட்டார். சுப்பிரமணி சாரிடம் போய் நின்றாள்.

"சார், நைனா இங்க வேலை பாத்தாருன்னு ஒரு லெட்டரு."

"பொட்டில இல்லாத ஆளுக்கு மேனேஜரு கையெழுத்துப் போட மாட்டாரும்மா. புது ஆளு அவுரு. அவுருக்கு உங்க அப்பாவத் தெரியாது, பொட்டியத்தான் தெரியும்."

ஃபயாசுக்குப் போன் போட்டாள். அவன் மறுநாளே ரயில் ஏறி வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"தப்பு என்னுது மேடம். ஊட்டுக்கு ஒரு நம்பருன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும். பழசோட நகல் எங்கிட்ட கீது. பிரிச்சிடலாம். ஒரு நம்பருக்கு ரெண்டு ஆளுன்னு பண்ணிடலாம். அப்பா எந்தத் தேதி வரைக்கும், தம்பி எந்தத் தேதிலேர்ந்து, அது மட்டும் சொல்லுங்க."

கிரேஸ் சுப்பிரமணி சாரைத் திரும்பிப் பார்த்தாள். சுப்பிரமணி சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, அந்தத் தேதி எங்க யார்கிட்டயும் இல்ல. ஒரு நாள் அவுரு வருவாரு, ஒரு நாள் இவன் வருவான். பழைய பெட்டில பேரு அப்பன் பேருதான். பையனுக்கு வயசு ஆவறதுக்கு முன்ன ஒரு வருஷம் அவுரு ஆஸ்பத்திரில மாசக் கணக்குல கெடந்தாரு. அந்தக் காகிதமெல்லாம் போர்டு டாக்டருங்க கேப்பாங்க. நீ பிரிச்சிக் குடுத்தா இன்னா தெரியும்? ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்தவன், தெனம் கம்பெனி கேட்டுல நொழஞ்சி வேலை செஞ்சிருக்கான். யாரு அதுன்னு கேள்வி வரும். தானியேலு வெளிய போவான். வயசு ஆவாத பையன உள்ள உட்டதுக்கு நானும் போவேன். எனக்கு ஓய்வுக்குக் கொஞ்ச நாள்தான் கீது. என்ன உடு. மண்ணு ஷெட்ல எத்தினி நம்பரு அப்பன்லேர்ந்து புள்ளைக்கிப் போயிருக்கு தெரியுமா? ஒன்னத் தொட்டா எல்லாத்தயும் தோண்டுவாங்க."

ஃபயாஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். கிளம்பும்போது, "நான் பிரிச்சு ரெடியா வெக்கறேன் மேடம். நீங்க ஒரு போன் பண்ணினாப் போதும். யாரு வலை காயும்னு இந்தத் தடவை நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க," என்றான். அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் அது அவளைக் குத்தியது.

செய்தி அன்றைக்கே காலனிக்கு வந்துவிட்டது. சாயங்காலம் கலியன் வந்து வாசலில் குந்தினான். அவன் நம்பரில் அவன் மகன் நிற்கிறான், கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது.

"கிரேசு, நானு ஒன்னும் சொல்ல வரல. உங்க நைனா எனுக்கு அண்ணன் மொறை. அவுரு மூச்சு உடறதப் பாத்தா என் நெஞ்சு அடைக்கிது. ஆனா எம் புள்ளைக்கி அடுத்த மாசம் கல்யாணம். பொண்ணு ஊட்டுல நம்பரப் பாத்துத்தான் குடுக்கறாங்க. பாத்துப் பண்ணும்மா."

சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் எழுந்து போய்விட்டான். எட்டிப் பார்த்திருந்தால் இம்மானுவேல் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்குள் தானியேல்தான் முதலில் பேசினான்.

"அக்கா, நீ போன் பண்ணு. வேலை போனாப் போவுது. ஆந்திரா பார்டர்ல ஆயிரம் கம்பெனி கீது. நானு எங்கனா பொழச்சிக்கிறேன். நைனா படுத்துத் தூங்கி எத்தினி மாசம் ஆவுது?"

"ஆமாண்டி, பண்ணிடு," என்றாள் ஞானம்மா. "கலியன் ஊட்டுக் கல்யாணத்துக்கு என் புருசன் மூச்ச மொய் வெக்க முடியாது."

இம்மானுவேல் கையை உயர்த்தினார். அவர் ஒரு வாக்கியம் பேச நடுவில் இரண்டு தரம் நிற்க வேண்டும்.

"ஒன்னும் பண்ணாத. நானு இன்னாத்துக்கு... அவன உள்ள உட்டேன்? நம்பரு இருக்கணும்னுதான். அதப் புடுங்கிட்டு எனுக்குக் காத்து குடுப்பியா? எத்தினி ஊடு... அந்த மண்ணுல சோறு துண்ணுது. பேசாத படு."

"நைனா, நானு பண்ண தப்பு இது."

"நீ இன்னா தப்புப் பண்ண? நம்ப நம்பர... நம்ப நம்பருன்னு சொன்ன. அவ்ளோதான?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கிரேஸ் அவருக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்தாள். ஆனால் அவள் மனசுக்குள் முடிவு எடுத்துவிட்டாள். பெட்டி இல்லாமலேயே போர்டில் வாயால் சொல்லிப் பார்ப்பது. நைனா சொல்வதைக் கேட்டு, அந்த நெஞ்சைப் பார்த்து அவர்கள் நம்பினால் நல்லது. நம்பாவிட்டால் அங்கேயே நின்று ஃபயாசுக்குப் போன் போட்டுவிடுவது. யார் வீடு என்ன ஆனாலும் ஆகட்டும். டாக்டரம்மாவிடம் சீட்டு வாங்கி, போர்டுக்கு நாள் வாங்கினாள்.

மெட்ராசில் அந்தக் கட்டடத்தின் மாடிப்படி ஏறுவதற்குள் இம்மானுவேலை தானியேல் இரண்டு இடத்தில் இறக்கி உட்காரவைத்து, மறுபடியும் தூக்கினான். உள்ளே மேஜைக்குப் பின்னால் டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் வயசானவர். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. எழுந்து வந்து, தன் கையாலேயே இம்மானுவேலை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"என்ன வேலை பாத்தீங்க பெரியவரே?"

கிரேஸ் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கைப்பைக்குள் போன் இருந்தது. நைனா கம்பெனியைச் சொல்வார், ஷெட்டைச் சொல்வார், மேஸ்திரி பெயரைச் சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தாள். இம்மானுவேல் திரும்பி அவளைப் பார்த்தார். அத்தனை வருஷம் அந்த ஜன்னலைத் தாண்டி நடந்தபோது பார்க்காத பார்வையை அன்றைக்குப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"கூலி வேலை சாமி. ஏரிக் கரைக்கி மண்ணு எடுக்கறது... கள பறிக்கறது... கெடச்சது."

"கம்பெனியில எதுவும் வேலை பாக்கலையா? இங்க டாக்டரம்மா மணல்னு எழுதியிருக்காங்களே?"

"கம்பெனியெல்லாம் இல்ல சாமி. அதுக்கெல்லாம் நம்பரு வேணும்."

"நைனா..." என்றாள் கிரேஸ்.

"பீடி குடிப்பீங்களா?"

பீடி வாசனை வந்தால் ரயிலில் பெட்டி மாறி உட்காருகிற மனுஷன் அவர்.

"குடிப்பேன் சாமி. நெறய."

டாக்டர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். கிரேஸ் பையைத் திறந்தாள். போனைக் கையில் எடுத்தாள். இம்மானுவேல் பின்பக்கமாகக் கையை நீட்டி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூச்சுக்குப் போராடுகிற உடம்பில் அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் விடவில்லை. அவளும் உதறவில்லை. உதறியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் அவளுக்குத் தோன்றியது.

திரும்பி வருகிற ரயிலில் இம்மானுவேலை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். பொன்னேரி தாண்டியதும் தானியேல் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். இம்மானுவேல் அவன் தொடையைத் தட்டினார்.

"அழாதடா. நானூத்திப் பதினேழு."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு ஊற்றிய வாரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். உட்கார்ந்தபடியே போனார். உடம்பு விறைத்துப்போவதற்குள் நீட்டிப் படுக்கவைக்க ஞானம்மா பட்ட பாடு சொல்லி முடியாது. "இப்பவாச்சும் நீட்டிப் படு, படு," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கல்லறையில் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. கலியன்தான் குழிக்குள் இறங்கித் தண்ணீர் இறைத்தான். ஒருத்தரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒருத்தரோடும் மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஷிப்டு முடிந்து மண்ணு ஷெட் ஆட்கள் அப்படியே வந்திருந்தார்கள். மழை அவர்கள் புருவத்து மணலைக் கழுவி முகத்தில் கோடு கோடாக இறக்கிக்கொண்டிருந்தது. முத்தம்மாள் கேன்டீன் உடுப்போடு வந்து கிரேசின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பெனியிலிருந்து மாலை வரவில்லை. கம்பெனிக்கு அப்படி ஒரு ஆள் இல்லையே.

அப்புறம் ஒரு தரம் ஃபயாஸ் போன் செய்தான். "ரெடியா வெச்சிருக்கேன் மேடம், இன்னும் அழிக்கல," என்றான். "அழிச்சிருங்க சார்," என்றாள் கிரேஸ். அவன் விஷயம் தெரியாமல் கேட்டுவிட்டான். தெரிந்ததும் நேரில் வந்து, ஞானம்மா முன்னால் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டுப் போனான்.

மறு வருஷம் வெயில் காலத்தில் வேன் வந்தது. தானியேலுக்கும் படம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று கம்பெனி டாக்டர் டைம் ஆபீசிலேயே உட்கார்ந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தானியேல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திரையில் இருந்த பழைய வரிசையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"டேய், ஆச்சரியமா இருக்குதே. இவ்ளோ நிழல் இருந்தது சுத்தமா போயிருக்கு. பழைய படத்துலதான் ஏதோ கறை இருந்திருக்கணும். இல்ல, வெளிய போட்டது நல்லதாப் போச்சு. மருந்து கிருந்து சாப்ட்டியா?"

தானியேல் அக்காவைப் பார்த்தான்.

"சாப்ட்டேன் சார்."

"நல்லாத் தேறிட்ட. இனி பழைய எடத்துக்கே போவலாம். மண்ணு ஷெட்ல ஆளு பத்தலன்னு கேட்டுக்கினே கீறாங்க. மேடம், நானூத்திப் பதினேழு, தெளிவுன்னு போட்டுருங்க."

எண்பத்து நாலிலிருந்து இறங்கி இறங்கி வந்த அந்த வரிசைக்குக் கீழே கிரேஸ் தெளிவு என்று அடித்தாள். திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஷிப்டு விட்டு ஆட்கள் ஜன்னலைத் தாண்டிப் போனார்கள். தானியேலும் போனான். துண்டை அவிழ்த்துக் கழுத்தில் போட்டிருந்தான். புருவத்தில் மணல் ஒட்டியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.